மேம் ரெமி நீட்டாத கை

எங்கள் நர்சிங் வகுப்பில் ஜோவெலினுக்குத் தையல் மெஷின் என்று பெயர் வைத்தவள் நான். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, பெயர் அவ்வளவு பொருத்தம். மற்றவர்கள் ஒரு குத்தில் நரம்பைப் பிடிப்பார்கள், தப்பினால் இரண்டாவதில் பிடிப்பார்கள். இவள் குத்துவாள், எடுப்பாள், மறுபடி குத்துவாள், நோயாளியின் கையில் ஓரம் அடித்துவிட்டுத்தான் நிமிர்வாள். பிறகு அந்த ஆளிடமே, "வலிச்சுதா அங்கிள்?" என்று கேட்டுக் கண் கலங்கி நிற்பாள். குத்துப்பட்டவர்தான் அவளுக்கு ஆறுதல் சொல்ல வேண்டியிருக்கும்.

கிம்பால் ஊர்க்காரி. அப்பாவுக்கு ஒரு மீன்பிடிப் படகு, அம்மாவுக்குச் சந்தைக்கு எதிரில் சாப்பாட்டுக் கடை. மணிலாவுக்குத் தெற்கே, எங்கள் இலோய்லோ மாகாணத்தில் இப்படிப்பட்ட வீட்டில் ஒரு பெண் பிறந்தால், அவள் நடக்கப் பழகுவதற்குள் துபாய், லண்டன் என்று பேச ஆரம்பித்துவிடுவார்கள். ஜோவெலினைக் கட்டாயப்படுத்தி அனுப்பினார்கள் என்று சொல்ல முடியாது. வெள்ளை உடுப்பென்றால் அவளுக்கு உயிர். டியூட்டி இல்லாத நாளிலும் அதைத் தேய்த்து ஆணியில் மாட்டி வைத்து அழகு பார்ப்பாள். படிப்புதான் ஏறவில்லை. மருந்தின் அளவைக் கணக்குப் போடச் சொன்னால் புள்ளியை எங்கே வைப்பது என்று தெரியாது. பாயிண்ட் ஐந்தும் ஐந்தும் அவளுக்கு ஒன்றுதான். சமையல் மட்டும் அப்படி வரும். அவள் கொண்டுவரும் சாப்பாட்டுக்காகவே அவளோடு சிநேகமாக இருந்தவர்கள் உண்டு, நானும் அதில் சேர்த்தி.

இரண்டாம் வருடம் அவள் பிறந்தநாளன்று எங்களுக்கு மாகாண ஆஸ்பத்திரியின் பொது வார்டில் டியூட்டி. அவள் அம்மா ஒரு பெரிய தட்டு நிறையப் பன்சித் நூடுல்ஸ் எடுத்துக்கொண்டு நேராக வார்டுக்குள் வந்துவிட்டார். பிறந்தநாளென்றால் பன்சித், நீள நூடுல்ஸ் தின்றால் நீள ஆயுசு. அந்த அம்மாவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஆனால் டியூட்டியில் இருக்கிற நர்ஸ் பன்சித்தைத் தொட மாட்டாள். தொட்டால் அந்த நூடுல்ஸ் மாதிரியே நோயாளிகளும் முடிவில்லாமல் வந்துகொண்டிருப்பார்கள். இதைக் கேட்டு எங்கள் ஆஸ்பத்திரிகளில் யாரும் சிரிக்க மாட்டார்கள். பெரிய டாக்டர்கூட ஒதுங்கித்தான் போவார்.

"யாரு கொண்டாந்தது இத?" என்றாள் ஹெட் நர்ஸ் லோர்னா.

"எங்கம்மா, மேம். எனக்குப் பொறந்தநாளு."

"உன் ஆயுசு நீள, எங்க உயிரு போகணுமா? மூடு அத."

யாரும் தொடவில்லை. அம்மா முகம் வாடுவதைப் பார்க்க முடியாமல் ஜோவெலின் மட்டும் ஓரமாக நின்று ஒரு கிண்ணம் தின்றாள். அன்று மதியம் மலைப்பாதையில் ஆள் நிறைந்த ஒரு ஜீப்னி வண்டி கவிழ்ந்தது. வார்டில் கட்டில் போதாமல் தரையில் படுக்க வைத்தோம். வருகிறவள் போகிறவள் எல்லாரும் அவளை முறைத்தார்கள். அந்த அமளியில் அவள் இன்சுலின் எடுத்துக்கொண்டு போவதை நான் தற்செயலாகப் பார்த்தேன். ஊசி முழுக்க மருந்து இருந்தது.

"ஏய், நில்லு. யாருக்கு இது?"

"ஓரத்துப் பெட் தாத்தாவுக்கு."

"தாத்தாவ அனுப்பி வெச்சிடறதுன்னு முடிவே பண்ணிட்டியா?"

அவளுக்குப் புரியவில்லை. நான் கையிலிருந்து பிடுங்கிக் காட்டிய பிறகும் புரியவில்லை. அப்புறம் புரிந்தது, அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்துவிட்டாள். கொடுக்க வேண்டியதைப்போல் பத்து மடங்கு அது.

எங்களுக்குப் பொறுப்பாசிரியர் பன்தோஹா சார். வாயில் தேன் தடவாத மனுஷன். அத்தனை நோயாளிகளுக்கும் நடுவில் அவளை எழுப்பி நிறுத்தினார்.

"அந்தப் பன்சித் யாரு சமைச்சது?"

"நானும் அம்மாவும், சார்."

"வாசனையே சொல்லுது, நல்லா சமைக்கற. போய் அதச் செய். ஊரே வந்து சாப்பிடும். இங்க நிக்காத. உன் கையால ஒருத்தன் சாவான், அன்னிக்கு ஒன்னோட சேந்து நானும் ஜெயிலுக்குப் போகணும். எனக்குப் புள்ளைங்க இருக்கு."

ஈவு இரக்கம் இல்லாத பேச்சுதான். ஆனால் அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே நல்ல புத்திமதி அது. அதைக் கேட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

அவள் அழுதுகொண்டு மேம் ரெமியிடம் போனாள். எங்கள் கல்லூரியில் அழுகிறவர்கள் எல்லாரும் போகிற இடம் அதுதான். மேம் ரெமி மேசையில் ஒரு ஜாடி நிறையப் பெப்பர்மின்ட் மிட்டாய் இருக்கும். போனதும் கட்டிப்பிடித்துக்கொள்வார், முதுகைத் தடவுவார், மிட்டாய் கொடுப்பார். பிறகு சொல்வார்: "முடியும் இன்டை. மனசு வெச்சா முடியும்." எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளைகளைச் செல்லமாக இன்டை என்றுதான் கூப்பிடுவோம். ஆனால் அவர் சொல்லும்போது அது மிட்டாயைவிட இனிப்பாக இருக்கும். ஆசிரியர் தினத்தில் மேம் ரெமியின் மேசையில் பூ வைக்க இடம் இருக்காது. பன்தோஹா சாருக்கு யாரும் ஒரு காம்பு கூடக் கொடுத்ததில்லை. மேம் ரெமி பிரின்சிபாலிடம் போய்ப் பேசி ஜோவெலினைக் காப்பாற்றினார். சார் அடுத்த வருடம் சவூதி போய்விட்டார்.

ஜீப்னிக்குக் காத்திருக்கும்போது நானும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன்.

"ஜோவே, விட்டுடுடி. இது உனக்கு ஆகாது."

"ஒனக்குப் பொறாம."

"தையல் மெஷின் மேல எனக்கென்னடி பொறாம?"

"நண்டுப் புத்தி. எவளாவது மேல ஏறினா காலப் புடிச்சு இழுக்கறது. மேம் ரெமி சொல்லிருக்காங்க, இப்பிடித்தான் இழுப்பாங்க, காதுல போட்டுக்காதன்னு."

அதோடு நான் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு என்ன தலையெழுத்து?

பட்டம் வாங்கினோம். அதற்குப் பிறகுதான் உண்மையான தேர்வு, அரசாங்கத்தின் போர்டு. அதில் தேறினால்தான் நர்ஸ். ஹாரோ மாதா கோயிலில் மந்திரித்த பென்சில் ஒன்றை மேம் ரெமி அவளுக்குக் கொடுத்தார். மற்றவர்கள் ரிசல்ட் வந்த பிறகு ஃப்ளெக்ஸ் அடிப்பார்கள். ஜோவெலினின் அப்பாவுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. நர்ஸ் தொப்பியோடு மகளின் முகத்தைப் பெரிதாகப் போட்டு, வாழ்த்துகள் என்று எழுதி, முதல் நாளே ரோட்டோரம் இரண்டு தென்னைக்கு நடுவில் கட்டிவிட்டார். ரிசல்ட்டில் பெயர் இல்லை. ஊர் முழுக்க அந்தப் பக்கமாகத்தான் சந்தைக்குப் போக வேண்டும். மறுநாள் அவிழ்த்தார். நல்ல கெட்டித் துணி, எறிய மனசு வரவில்லை, பன்றிக் கொட்டகைக்குக் கூரையாகப் போட்டார். ரொம்ப நாள் ஜோவெலின் அந்தக் கொட்டகை மேல் படுத்துச் சிரித்துக்கொண்டிருந்தாள், கீழே பன்றிகள் உருண்டுகொண்டிருந்தன.

தோற்றவள் மேம் ரெமியிடம் போனாள். கட்டிப்பிடித்தல், பெப்பர்மின்ட், முடியும் இன்டை, புதுப் பென்சில். மறுபடி தோற்றாள், மறுபடி போனாள். கோச்சிங் சென்டருக்காகப் படகின் எஞ்சின் போனது, பிறகு படகே போனது. அப்பா அடுத்தவன் படகில் கூலிக்குப் போனார். தம்பி ரெனான்டே நன்றாகப் படிக்கிற பையன். பள்ளியை நிறுத்திவிட்டு மணிலாவில் கட்டட வேலைக்குப் போனான், சாரத்திலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டு திரும்பினான். அம்மா கடையில் ஆள் இல்லாமல் திண்டாடினார். கடையைத் தூக்கி நிறுத்தக்கூடிய ஒரே ஆள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மனப்பாடம் செய்துகொண்டிருந்தாள். கல்யாணம் பேசியவன் காத்திருந்து காத்திருந்து வேறொருத்தியைக் கட்டிக்கொண்டான்.

எத்தனையாவது தடவை என்று எல்லாரும் எண்ணுவதை விட்ட பிறகு அவள் தேறினாள். அதிசயம் ஒன்றும் இல்லை. கேள்வித்தாளைப் பல வருஷம் மனப்பாடம் செய்தால் யாருக்கும் வரும். காகிதத்தில் நரம்பு கிடையாதே.

மாகாண ஆஸ்பத்திரியில் என் வார்டிலேயே வந்து சேர்ந்தாள். கை நன்றாக இருந்தவர்களெல்லாம் விமானம் ஏறிப் போய்விட்டார்கள், காலி இடங்களுக்கு ஆள் இல்லை, அதனால் எடுத்துக்கொண்டார்கள். எனக்கும் விசா வரும்வரை அங்கேதான். லோர்னா அவளுக்குக் காய்ச்சல் பார்க்கிற வேலையும் எழுத்து வேலையும் மட்டும் கொடுப்பாள். ஊசி, டிரிப்ஸ் எல்லாம் சத்தமில்லாமல் என் பக்கம் தள்ளப்படும். பதிலுக்கு ஜோவெலின் எனக்குச் சாப்பாடு கொண்டுவருவாள். யாரும் அவளிடம் எதுவும் சொல்லவில்லை. இத்தனை பட்டு வந்தவளிடம் யார் சொல்வது? அவள் கை திருந்திக்கொண்டு வருவதாகவே நம்பினாள்.

அப்படி ஒரு நாள் காலையில் மேம் ரெமியைக் கொண்டுவந்து சேர்த்தார்கள். ஓய்வு பெற்று வீட்டில் இருந்தவர். வயிற்றுப்போக்கில் உடம்பு வற்றி, உதடு வெடித்து, உடனே டிரிப்ஸ் ஏற்ற வேண்டிய நிலைமை. அன்று அவர் பிறந்தநாள் வேறு. அவர் தங்கை விவரம் தெரியாமல் ஒரு பெட்டி பன்சித்தை எங்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். லோர்னா அதன்மேல் துண்டைப் போட்டு மூடினாள்.

ஜோவெலின் டிரேயை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் முகத்தை அன்று நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கல்யாணப் பெண்கூட அப்படி நடந்து வந்து நான் பார்த்ததில்லை. லோர்னாகூடத் தடுக்கவில்லை.

"மேம், இன்னிக்கு நான்தான் உங்க நர்ஸ்."

"என் இன்டை," என்று சிரித்தார் மேம் ரெமி. "இந்த உடுப்புல எவ்ளோ அழகா இருக்க."

ஜோவெலின் ரப்பர் பட்டையை எடுத்தாள். "கைய நீட்டுங்க, மேம்."

மேம் ரெமி கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அவர் கண் ஜோவெலினைத் தாண்டி, பக்கத்துக் கட்டிலில் நின்ற என்னைத் தேடி வந்தது.

"அர்லீன், நீ போடும்மா."

"நான் போடறேன், மேம்," என்றாள் ஜோவெலின்.

"வேணாம் இன்டை. காலைலேர்ந்து நிக்கற, பாவம். அவ போடட்டும்."

"எனக்குக் களைப்பில்ல. முடியும், மேம். நீங்கதான சொல்வீங்க, மனசு வெச்சா முடியும்னு."

"எனக்கு நரம்பு ரொம்ப மெலிசு, இன்டை."

குரல் அதே பழைய குரல், அதே பெப்பர்மின்ட் குரல். போர்வைக்குள்ளிருந்து கையை மட்டும் வெளியே எடுக்கவே இல்லை. ஜோவெலின் பட்டையைப் பிடித்தபடி நின்றாள். பிறகு என்னிடம் நீட்டினாள்.

நான் போட்டேன். ஒரே குத்தில் நரம்பு கிடைத்தது. "உன் கைராசி அப்படி," என்று மேம் ரெமி என் கையைத் தட்டிக்கொடுத்தார். ஜோவெலின் பக்கத்தில் நின்று பிளாஸ்டரைக் கிழித்து ஒவ்வொன்றாகக் கொடுத்தாள்.

"மேம், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள். "எனக்கு வராதுன்னு உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"அதெல்லாம் இப்ப எதுக்கு இன்டை?"

"சும்மா. தெரிஞ்சுக்கத்தான்."

மேம் ரெமி போர்வையின் ஓரத்தை இழுத்து விட்டுக்கொண்டார். "அந்த இன்சுலின் அன்னிக்கே தெரியும்," என்றார். "ஆனா நீ அழுதுக்கிட்டு வந்து நின்ன. எப்பிடிச் சொல்றது? மிட்டாய் குடுத்தேன், சிரிச்ச. ஒவ்வொரு வாட்டியும் சிரிச்சுக்கிட்டுத்தான போன. சந்தோஷமாத்தான இருந்த?"

எனக்கு அந்தக் கிழவியை ஓங்கி அறைய வேண்டும்போல் இருந்தது. ஒரு முகம் வாடுவதைப் பார்க்கத் தைரியம் இல்லாததற்கு அன்பு என்று பெயர் வைத்துக்கொண்டு, ஒரு படகையும் ஒரு பையனின் காலையும் ஒருத்தியின் இளமையையும் தின்று தீர்த்தாயே என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. நோயாளியிடம் அப்படிப் பேசக்கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான்.

ஜோவெலின் போர்வையைச் சரிசெய்தாள். "ஆமா மேம், சந்தோஷமாத்தான் இருந்தேன்," என்றாள். பிறகு நேராக எங்கள் மேசைக்கு வந்து உட்கார்ந்து, துண்டை எடுத்துவிட்டு, பன்சித் பெட்டியைத் திறந்தாள்.

"ஜோவெலின், டியூட்டில இருக்கோம்," என்றாள் லோர்னா.

"நீங்க இருக்கீங்க, மேம்."

பெயர் பொறித்த பட்டையைக் கழற்றி மேசையில் வைத்தாள். சாப்பிட ஆரம்பித்தாள். நாங்கள் எல்லாரும் பார்க்கப் பார்க்க, வாய் நிறைய அள்ளி அள்ளித் தின்றாள். வேண்டுமென்றே தின்றாள், எங்கள் எல்லாருக்கும் சேர்த்துத் தின்றாள். வரட்டும், கவிழட்டும், இந்த வார்டு நிறைந்து வழியட்டும் என்று ஒவ்வொரு வாயிலும் அவள் சாபம் போடுவது எனக்குக் கேட்டது.

"கொழைய விட்டுட்டாங்க," என்றாள் நடுவில். "உப்பும் பத்தல."

பெட்டியைக் காலி செய்துவிட்டு, கை கழுவிக்கொண்டு, படியிறங்கிப் போனாள். லோர்னா கூடுதல் கட்டில்களைத் துடைத்துத் தயாராக வைக்கச் சொன்னாள். டிரிப்ஸ் பாட்டில்களை வரிசையாக எடுத்து வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

அன்று முழுக்க ஒரு நோயாளிகூட வரவில்லை. எங்களுக்கு ஒரு கெடுதல் செய்யக்கூட அவள் கைக்கு வரவில்லை.