வாய் திறக்க முடியாமல் போன கோடை

இரண்டாவது உலக யுத்தம் நடந்துகொண்டிருந்த காலத்தில் ஒரு சித்திரை மாதம். கல்யாணமாகி நான் சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே லயன் வீட்டுக்குக் குடிவந்த முதல் கோடை அது. பிறந்து வளர்ந்ததெல்லாம் திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு குடியானவர் வீட்டில். என் கணவருக்கு ஸ்டேஷன் கூட்ஸ் ஷெட்டில் வேலை. ஒற்றை அறையும் ஒரு சமையல் மூலையும்தான் வீடு. பொழுது ஏறுவதற்குள் சுவரில் கை வைக்க முடியாது, அப்படிச் சுடும்.

அவர் அதிகம் பேசமாட்டார். புதுப் பெண்டாட்டியிடம் என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை என்பதே சரி. மனதில் இருந்த பிரியத்தையெல்லாம் தின்பண்டமாக வாங்கிவந்து கொடுத்துவிடுவார். ஸ்டேஷன் வாசலில் ஒரு சோடாக் கடை இருந்தது. அங்கிருந்து ஐஸ் கட்டியை மரத்தூளில் புரட்டி, சாக்குத் துணியில் சுற்றி, உருகுவதற்குள் கொண்டுவர வேண்டுமென்று வெயிலில் ஓடிவருவார். அதற்குமுன் நான் ஐஸைக் கண்ணால் பார்த்ததில்லை. முதல் நாள் கண்ணாடித் துண்டு என்று நினைத்துத் தொடவே பயந்தேன். கழுவிக் கையில் கொடுத்தார். வாயில் போட்டதும் நான் முழித்த முழியைப் பார்த்து அவர் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அன்றைக்குத்தான் அவர் பல்லையே நான் முழுசாகப் பார்த்தேன்!

அப்புறம் அது தினப்படி வழக்கமாகிவிட்டது. ஐஸைக் கடகடவென்று கடித்துத் தின்பேன். லயன் குழாயில் வரும் தண்ணீர் உப்புக் கரிக்கும், குடிக்கப் பிடிக்காது. அதனால் தாகம் எடுக்கும்போதெல்லாம் சர்பத்தும் கலர் சோடாவும்தான். உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டு மாங்காய் தின்பேன். ராத்திரி படுக்கப் போகும்போது ஒரு ஆரஞ்சு மிட்டாயைக் கையில் வைப்பார். அதைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே தூங்கிப்போவேன்.

பங்குனியிலேயே கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று கூச ஆரம்பித்திருந்தது. சித்திரையில் அது வலியாகிவிட்டது. ஐஸ் பட்டால் காதுக்குள் ஊசி ஏற்றின மாதிரி இருக்கும். ஆனால் வெயிலில் வேர்த்து வழிந்து ஓடிவந்து, "சீக்கிரம் வாங்கிக்க சாமி, கரையுது" என்று செல்லமாக நீட்டுகிறவரிடம் வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வலிக்காத பக்கம் தள்ளி அடக்கிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் முட்ட முட்ட, நன்றாக இருக்கிறது என்று தலையை ஆட்டுவேன்.

இன்னொரு பயமும் இருந்தது. எங்கள் ஊர்ச் சந்தையில் ஒருவன் குறடு வைத்துப் பல் பிடுங்குவான். என் சித்தியை நாலு பேர் பிடித்துக்கொள்ள, அவன் பிடுங்கியதைச் சிறு வயதில் பார்த்திருக்கிறேன். அவள் போட்ட கூச்சல் என் காதிலேயே இருந்தது. சொன்னால் என்னையும் அப்படி எங்காவது கொண்டுபோய் உட்கார வைத்துவிடுவார்களோ என்று நடுங்கினேன். கிராம்பை வைத்துக் கடித்துக்கொண்டு நாளை ஓட்டினேன்.

வாயைத் திறந்தால் காற்றுப் பட்டு வலிக்கும். அதனால் பேச்சைக் குறைத்தேன். பிறகு அடியோடு நிறுத்தினேன். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, கேட்டதற்கெல்லாம் தலையாட்டல்தான். சாப்பாடும் இறங்கவில்லை. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பாவம், அவருக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். இன்னும் பெரிய ஐஸ் கட்டியாக வாங்கிவந்தார்! ஒருநாள் அல்வாவும் சேர்த்து.

அன்றைக்கு நான் அல்வாவைத் தொடாமல் அழுதுவிட்டேன். அவர் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"ஏஞ்சாமி, உனக்கு இங்க இருக்கப் புடிக்கலையா? அம்மா ஊட்டுக்குப் போகோணும்னு இருக்குதா?"

இல்லை என்று தலையாட்டினேன். அழுதுகொண்டே ஆட்டினதால் அவர் அதை நம்பவில்லை.

"சரி, நான் ஒண்ணும் நெனச்சுக்கல. கொண்டுபோய் உட்டர்றேன்" என்றார்.

மறுநாளே லீவு சொல்லிவிட்டு வந்தார். சங்ககிரி வரை ரயில், அங்கிருந்து மாட்டு வண்டி. புறப்படும்போது எனக்கு நல்ல காய்ச்சல். கன்னம் வீங்கி, வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கியிருந்தது. சேலையை இழுத்துப் போர்த்தியிருந்ததால் அவருக்குத் தெரியவில்லை. அவரும்தான் என் முகத்தைப் பார்க்கவில்லையே. என்னைப் பெண்கள் பெட்டியில் ஏற்றி மூட்டையைப் பக்கத்தில் வைத்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு வேறு பெட்டிக்குப் போனார்.

என் எதிரில், வெள்ளைத் துப்பட்டி போர்த்திய ஒரு முஸ்லிம் அம்மா உட்கார்ந்திருந்தார். ஈரோட்டில் மகள் வீட்டுக்குப் போவதாகவும், கணவர் ஆண்கள் பெட்டியில் இருப்பதாகவும் பக்கத்தில் இருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி நகர்ந்தது. ஜன்னல் காற்றில் என் முக்காடு விலகியது. அவர் பேச்சை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, புறங்கையால் கழுத்தைத் தொட்டார்.

"என்ன கண்ணு, இப்படிக் கொதிக்குது? பல்லா? எங்க, வாயைத் தொற."

திறக்க முயன்றேன். ஒரு விரல் நுழையும் அளவுக்குக்கூடத் திறக்கவில்லை. தன் சொம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினார். விழுங்க முடியாமல் வெளியே வழிந்தது. அவர் முகம் மாறிவிட்டது.

"எந் தங்கச்சிக்கு இப்படித்தான் ஆச்சு. வெறும் பல்லுவலின்னு வீட்டுல வச்சிருந்தோம். மூச்சு அடைச்சுப் போச்சு" என்றார். என் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த ஸ்டேஷனில் வண்டி நின்றதும் சட்டென்று இறங்கினார். அன்னிய ஆண்கள் எதிரில் முகம் காட்டிப் பழக்கமில்லாதவர் என்பது அவர் துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்ட விதத்திலேயே தெரிந்தது. அப்படிப்பட்டவர், பிளாட்பாரத்தில் பெட்டி பெட்டியாக ஓடிக்கொண்டே கூப்பாடு போட்டது என் காதில் விழுந்தது.

"சேலத்துல பொம்பளைங்க பெட்டியில பொண்ண ஏத்திவிட்ட வீட்டுக்காரரு யாருப்பா? இறங்குங்க! உங்க சம்சாரத்துக்கு உயிர் போற நோவு!"

என் கணவர் குதித்து ஓடிவந்தார். முக்காட்டை விலக்கி என் முகத்தைப் பார்த்ததும் அவருக்குக் கை கால் ஓடவில்லை. அந்த அம்மாதான் என்னைக் கைத்தாங்கலாக இறக்கினார். அவருடைய கணவரும் என்னவோ ஏதோ என்று வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும், "சரி, எறங்கு. நாளைக்குப் போய்க்கலாம்" என்று தங்கள் மூட்டையையும் எடுத்துக் கீழே வைத்தார். ஈரோட்டு வண்டி அவர்களை விட்டுவிட்டுப் போயே போய்விட்டது.

சேலம் திரும்ப அந்த நேரத்துக்குப் பாசஞ்சர் வண்டி கிடையாது. என் கணவர் ஸ்டேஷன் மாஸ்டரிடம் ஓடிக் கெஞ்சினார். சேலம் பக்கம் போகவேண்டிய கூட்ஸ் வண்டி ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதன் கடைசிப் பெட்டியில் வரும் கார்டு, இவரை ஷெட்டில் பார்த்துப் பழகியவர், எங்கள் நாலு பேரையும் தன் பெட்டியில் ஏற்றிக்கொண்டார். அனல் காற்றில் அந்தப் பெட்டி குலுங்கிக் குலுங்கிப் போனது. என் தலை அந்த அம்மா மடியில். என் கணவர் எதிரில் குந்தி உட்கார்ந்து என் பாதத்தைப் பிடித்துக்கொண்டு, "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா சாமி?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். பதில் சொல்லத்தான் எனக்கு வாய் இல்லையே.

குதிரை வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் பார்த்தவுடனே உள்ளே கொண்டுபோகச் சொன்னார். மரத்துப்போக ஊசி போட்டு, சீழை வெளியேற்றி, பல்லை எடுத்தார். நான் பயந்த சந்தைக் கூச்சல் எதுவும் இல்லை. என் தலையைப் பிடித்துக்கொள்ள வந்த என் கணவர்தான் ரத்தத்தைப் பார்த்ததும் சுவரோடு சாய்ந்து சரிந்துவிட்டார். அந்த அம்மா ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் அவர் முகத்தில் தண்ணீர் தெளித்தாராம்.

இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் தொண்டை அடைத்திருக்கும் என்று டாக்டர் பிறகு சொன்னார். ஐஸ் கதையைக் கேட்டுவிட்டு இருவரையும் நன்றாகத் திட்டினார். வெயில் காலத்தில் வாய் காய்ந்து எச்சில் குறைந்துபோகும், அந்தச் சமயத்தில் நாளெல்லாம் இனிப்புத் தண்ணீரும் புளிப்பும் பல்லில் பட்டுக்கொண்டே இருந்தால் அது அரித்துக்கொண்டுதான் போகும் என்றார். தாகத்துக்கு வெறும் தண்ணீர் குடி, மாங்காய் தின்றால் வாய் கொப்பளி, ஐஸைக் கடித்துப் பல்லில் விரிசல் உண்டாக்காதே, ராத்திரி பல் விளக்காமல் படுக்காதே, வலி என்றால் அன்றைக்கே வா என்று விரல் விட்டு எண்ணிச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் இருந்த நாளெல்லாம் அந்த அம்மா சேலம் கோட்டைப் பக்கம் இருந்த தன் வீட்டிலிருந்து ரவைக் கஞ்சியை ஆறவைத்துக் கொண்டுவந்து, கரண்டியால் ஊட்டினார். நான் நன்றாக எழுந்து உட்கார்ந்த பிறகுதான் ஈரோட்டுக்கே போனார்.

எனக்குப் பேச வந்த அன்று என் கணவரிடம், "நீங்க அத்தன ஆசையா வாங்கியாந்தீங்க. வேண்டாம்னு சொல்ல மனசு வரலீங்க" என்றேன்.

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே, "எம் மூஞ்சியப் பாக்கவே உனக்குப் புடிக்கலையாட்ட இருக்குதுன்னு நெனச்சுப்போட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புண் வலிக்க வலிக்கச் சிரித்தேன். அவரும் சிரித்தார். அதற்கப்புறம் எங்கள் வீட்டில் பேச்சுக்குப் பஞ்சமில்லை. அந்தக் கோடையில் மீதி நாளெல்லாம் நல்ல தண்ணீர்க் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்துவந்தது அவர்தான். படுக்கும் முன் இருவரும் கொல்லையில் நின்று பல் விளக்குவதைப் பார்த்து, விடிந்துவிட்டதா என்று லயன்காரர்கள் கேலி செய்வார்கள்.

அந்த அம்மா இருந்தவரை ஒவ்வொரு ரம்ஜானுக்கும் நாங்கள் இருவரும் அவர் வீட்டுக்குப் போய்வருவோம். பிள்ளைகள் பிறந்து, அவர்களுக்குப் பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள். இன்றைக்கும் எங்கள் வீட்டில் யாராவது இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தால், என்ன கோபம் என்று கேட்க எனக்கு வருவதில்லை. பக்கத்தில் போய் உட்கார்ந்து, எங்கே வலிக்கிறது என்றுதான் கேட்கிறேன்.