ஏழாவது வரிசை, நான்காவது தகடு

அமெரிக்காவின் பிளானோ நகரில், மகள் வீட்டிலிருந்து நூலகத் திடல் வரை, என் மனைவியின் நடையில் அறுநூற்றுப் பன்னிரண்டு காலடிகள். முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவள் தினமும் நடந்தது டாக்டர் சொன்னதற்காக அல்ல, திடலில் நிற்கும் சிற்பத்துக்காக.

உயரமான இரண்டு கம்பங்களுக்கு நடுவே பன்னிரண்டு வரிசை அலுமினியத் தகடுகள், வரிசைக்குப் பன்னிரண்டு. மோட்டார் கிடையாது. தெற்கிலிருந்து காற்று வந்தால் கீழ்வரிசை முதலில் சிலிர்க்கும், பிறகு அலை மேலேறும். மாலை வெயில் சாய்ந்ததும் வெளிச்சத் துண்டுகள் புல்லில் ஓடும். தகடுகள் ஒன்றையொன்று இடிக்காதபடி இடைவெளி விட்டிருக்கிறார்கள். செய்தவர் காற்றையும் வெயிலையும் எத்தனை நாள் கவனித்திருக்க வேண்டும்!

ஒருநாள் ஏழாவது வரிசையில் நான்காவது தகடு மட்டும் சாய்ந்து ஆடியது. கீழே குழந்தைகள் ஓடுகிறார்கள். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. நகராட்சிக்குக் கடிதம் எழுதினேன். முப்பத்து நான்கு வருடம் சென்னையில் அரசு அலுவலகத்தில் இருந்தவன். ஒரு மனு எத்தனை நினைவூட்டலுக்குப் பின் அசையும் என்று தெரியும். அதனால் மூன்றாம் நினைவூட்டலின் கடுமையை முதல் கடிதத்திலேயே போட்டேன்: உயிருக்கு ஆபத்து, உடனடி நடவடிக்கை தேவை.

மறுநாள் காலை நூற்று நாற்பத்து நான்கு தகடுகளையும் மஞ்சள் பட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். சுற்றிலும் வேலி.

"அப்பா, இங்க லெட்டர் போட்டா படிப்பாங்கப்பா!" என்றாள் மகள்.

"காத்தையே கட்டிப் போட்டுட்டீங்க. இனிமே நான் எதுக்கு நடக்கணும்?" என்று மனைவி சோபாவில் உட்கார்ந்தவள்தான். நான்கு நாள் எழவில்லை. முட்டி மரக்கட்டைபோல் விறைத்துக்கொண்டது. ஒரு தகட்டுக்காகப் பட்ட கவலை இப்போது அந்த முட்டிக்கு இடம் மாறியது.

ஆபத்து ஒரே ஒரு தகட்டில்தான் என்று இன்னொரு கடிதம் எழுதினேன். எதுவென்று வந்து காட்டச் சொன்னார்கள். ஏணி வண்டியில் ஏறிய பெண்ணுக்குக் கீழிருந்து விரல்களால் ஏழும் நான்கும் காட்டினேன். தகட்டைத் தாங்கும் ஆணி தேய்ந்திருந்தது; அதை மாற்றினாள். பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் பட்டைகளை அவிழ்த்தாள். வேலியையும் எடுத்தார்கள்.

ஒரு தகடும் அசையவில்லை. காற்றே இல்லை.

வீட்டுக்குப் போன் செய்தேன். "அவுத்துட்டாங்க, வா."

"காத்து அடிக்குதா?"

"நீ வர்றதுக்குள்ள அடிக்கும்."

"அதுக்கும் லெட்டர் போட்டீங்களாக்கும்."

ஆனாலும் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஐம்பது அடிக்கொரு தரம் நின்று நின்று, வந்தாள். திடலோர விளக்குக் கம்பத்தை அவள் எட்டும்வரை ஒரு தகடும் ஆடவில்லை. என் சட்டை வியர்வையில் நனைந்திருந்தது. அங்கிருந்து சிற்பத்தடி பெஞ்சுக்கு அவளுக்கு எப்போதும் நாற்பது காலடி.

அப்போது கீழ்வரிசை சிலிர்த்தது. வெளிச்சம் புல்லில் ஓடி அவள் புடவைமேல் ஏறியது. மகளின் கையை விட்டாள்.

முப்பத்தொரு காலடியில் பெஞ்சுக்கு வந்துவிட்டாள்.