இலைக்கு அனுமதி கேட்ட வைத்தியர்

1. திங்கட்கிழமை போன்

"மேடம், நீங்க எழுதி அனுப்புன ஆள நேத்தே தூக்கியாச்சு. சரக்கும் சிக்கிருச்சு."

போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் இப்படிச் சொன்னபோது எந்த ஆள், என்ன சரக்கு என்று எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. என் சர்வீஸில் நான் யாரையும் பிடிக்கச் சொல்லி எழுதியது கிடையாது. 2000ஆம் ஆண்டு அது. பெரம்பலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். அலுவலகத்தின் பெயரை எழுதப்போவதில்லை, என்னோடு வேலை பார்த்தவர்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்கு ஸ்பிரிட், காலேஜ் லேபுக்கு ஆல்கஹால் என்று, போதை தரக்கூடிய பொருளை நல்ல காரியத்துக்கு வைத்துக்கொள்ள பெர்மிட் தருவது எங்கள் பிரிவின் வேலை.

ரைட்டர் பெயரைப் படித்தார். நடேசன், சித்த வைத்தியர், செந்துறைப் பக்கம். பத்து நாள் முன்னால் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, மரியாதையாக அனுமதி கேட்டுவிட்டுப் போன மனிதர் அவர்.

2. எழுதிக் கொடுங்க

நடேசன் பதிவு பெற்ற வைத்தியர். அறுபது வயதிருக்கும். வாய்வு, மூட்டுவலி பார்ப்பவர். அவரிடம் ஒரு லேகியம் உண்டு, அதில் கஞ்சா இலை சேரும். புற்றுநோய் முற்றி, பெரிய ஆஸ்பத்திரிகள் வீட்டுக்கு அனுப்பிவிட்டவர்களுக்கு மட்டும் அதைக் கொடுப்பார். நோய் தீராது, ஆனால் சோறு இறங்கும், தூக்கம் வரும் என்றார். இலையைத் துணியில் கட்டிப் பச்சை போகும்வரை தண்ணீரில் அலசி, உலர்த்தி, நெய்யில் வறுத்துத்தான் சேர்ப்பாராம். இதற்கு பெர்மிட் உண்டா, இல்லையா என்பதுதான் அவர் கேள்வி.

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்ல அரசு ஊழியருக்கு நாக்கு வராது. அதனால் எங்கள் வழக்கப்படி, "வாயால கேட்டா பதில் கிடையாதுங்க. எழுதிக் குடுங்க. கையிருப்பு எவ்வளவுன்னும் போட்டுடுங்க" என்றேன். ஸ்பிரிட் மனுவில் கையிருப்பை எழுத ஒரு கட்டம் இருக்கும், அந்த ஞாபகத்தில் சொன்னது.

மனிதர் அப்படியே எழுதினார். "என் வசம் தற்போது அரைக் கிலோ உலர்ந்த இலை உள்ளது." இலை எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன். அதை மட்டும் எழுதச் சொல்லாதீர்கள் என்றார்.

அடுத்து நான் செய்ததைச் சொல்கிறேன். எங்கள் பிரிவுக்குச் சாராயம், கஞ்சா என்று மொட்டைக் கடிதாசிகள் நிறைய வரும். அவற்றின் நகலைப் போலீசுக்கு அனுப்ப, "தக்க நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது" என்று ரோனியோ மெஷினில் நகல் எடுத்த துண்டுச் சீட்டுகளை டிராயரில் அடுக்கி வைத்திருப்போம். மனுவில் கஞ்சா என்ற வார்த்தை கண்ணில் பட்டால் கை தானாக ஒரு சீட்டை எடுத்துக் குண்டூசி குத்தும். நடேசன் மனுவுக்கும் குத்தினேன். ஓரத்தில் சுருக்கொப்பம் போட்டேன். தபாலில் சேர்த்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குப் போய்விட்டேன்.

மனு ஸ்டேஷனுக்குப் போனபோது அது மனுவாக இல்லை. ஒரு ஆள் தன் வாக்குமூலத்தைத் தானே எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்ததாக ஆகிவிட்டது.

3. இலையா, பூவா

கண்காணிப்பாளர் கோவிந்தராஜ் சாரிடம் ஓடினேன். ரிட்டையர்மென்ட்டுக்கு ஆறு மாதம் பாக்கி. கழுவுற மீனில் நழுவுற மீன். சட்டப் புத்தகத்தை எடுத்து, கண்ணாடியை ஏற்றி இறக்கிப் படித்தார்.

"பூத்த நுனிதான் கஞ்சான்னு போட்டிருக்கும்மா. பூ சேராத தனி இலை கஞ்சா இல்ல."

அப்படியென்றால் வைத்தியரை விட்டுவிடச் சொல்லி எழுதலாமா என்றேன். அவர் இரண்டு பக்கம் தள்ளிப் போனார். செடி வளர்ப்பது குற்றம் என்று இருந்தது. இலை குற்றமில்லை, செடி குற்றம். செடி இல்லாமல் இலை எங்கே முளைக்கும்?

மருந்து உரிமம் தருகிற அலுவலகத்தைக் கேட்டோம். சொந்த நோயாளிக்குச் செய்து கொடுப்பது தங்கள் வரம்பில் வராது, போதைப்பொருள் என்றால் உங்கள் வேலை என்று எங்கள் பக்கமே திருப்பினார்கள். மேலிடத்துக்கு எழுதினோம். இந்த லேகியம் பலன் தருகிறது என்பதற்கு ஆய்வு ஆதாரம் இருந்தால் இணைத்து அனுப்பவும் என்று பதில் வந்தது.

ஆதாரம் இருந்தது, அதுதான் கொடுமை. நடேசன் ஒரு நீள நோட்டு வைத்திருந்தார். நோயாளி பெயர், கொடுத்த அளவு, அன்று எத்தனை கவளம் சோறு இறங்கியது, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று வருஷக்கணக்காக எழுதியிருந்தார். எனக்குத் தெரிந்து நம் ஜில்லாவில் இந்த விஷயத்தில் நடந்த ஒரே ஆராய்ச்சி அந்த நோட்டுதான். இலை, லேகியத்தோடு போலீஸ் அதையும் எடுத்துப்போயிருந்தது. பெயரும் அளவும் இருந்ததால், யார் யாருக்கு விற்றார் என்ற பட்டியலாக அதை வழக்கில் சேர்த்துவிட்டார்கள்.

4. ஜுலைகா

மூன்றாம் வாரம் லெப்பைக்குடிக்காட்டிலிருந்து ஒரு பெண் வந்தார். பெயர் ஜுலைகா, முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கணவர் துபாயில் வேலை பார்த்தவர், வயிற்றில் கட்டி என்று திரும்பி வந்தவர். நோட்டில் அவர் பெயர் இருந்ததால் போலீஸ் வீட்டுக்கே போய் விசாரித்திருக்கிறது. எழுந்து உட்கார முடியாதவரிடம், எத்தனை நாளாக வாங்குகிறாய் என்று கேட்டிருக்கிறார்கள்.

வைத்தியர் உள்ளே இருக்கிறார், லேகியம் கோர்ட் பொறுப்பில் இருக்கிறது என்று சொன்னேன். அவர் அழவில்லை. நிதானமாகத்தான் பேசினார்.

"கேஸ நீங்க என்ன வேணா பண்ணுங்கம்மா. அந்த டப்பால ஒரு சுண்டக்கா அளவு குடுத்தீங்கன்னா அவங்களுக்கு நாலு வாய் கஞ்சி எறங்கும். எட்டு நாளா தண்ணிகூட வெளிய வந்துடுது."

வலிக்கு மார்ஃபின் மாத்திரை உண்டே என்றேன். அதைச் சென்னையில் எழுதிக்கொடுத்தார்கள், இந்தப் பக்கத்தில் எந்தக் கடையிலும் இல்லை என்றார். அதற்கும் பெர்மிட் வேண்டும் என்பது எனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் யாரும் அந்த பெர்மிட் கேட்டதில்லை என்பதும் தெரியும். ஏன் கேட்கவில்லை என்று அதுவரை நான் யோசித்ததே இல்லை.

சாரிடம் போய் நின்றேன். "அது மருந்தா, குற்றப்பொருளான்னே இன்னும் முடிவாகலம்மா. முடிவாகாதத எப்படிக் குடுக்கறது?" என்றார். தப்பு சொல்ல முடியாது, அது விதிப்படி சரி. ஸ்டேஷன் ரைட்டருக்குப் போன் போட்டுக் கெஞ்சினேன். "சாட்சிப்பொருள் மேடம். அனுப்புனது நீங்கதான?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். வெட்கமாக இருந்தது. ஜுலைகாவை பஸ் ஸ்டாண்டுவரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தேன், வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார், கையில் ஒரு மனுவோடு. கணவர் மவுத்தாகி, அதாவது இறந்து, நாற்பது நாள்கூட ஆகவில்லை. கணவர் இறந்தபின் வீட்டோடு இருக்க வேண்டிய இத்தா காலத்தில் இருக்கிற பெண், மாமனாரைத் துணைக்கு வைத்துக்கொண்டு வந்திருந்தார். போலீஸ் பட்டியலிலிருந்து கணவர் பெயரை எடுக்க வேண்டும் என்பதுதான் மனு. எடுக்கும் அதிகாரம் எங்களுக்கு இல்லை. அந்த மனுவை வாங்கி யாருக்கு அனுப்புவது என்று நான் ரொம்ப நேரம் யோசித்தேன். டிராயரை மட்டும் திறக்கவில்லை.

5. இரண்டு ஜில்லா

நடேசன் இருபத்தெட்டு நாள் கழித்து ஜாமீனில் வந்தார். பரிசோதனை ரிப்போர்ட் பிறகுதான் வந்தது. வெறும் இலை, பூ கலக்கவில்லை என்றிருந்ததால் வழக்கை முடித்தார்கள். ஆனால் அவர் கேட்ட கேள்வி எங்கள் பைலில் அப்படியே நின்றது.

அதற்குள் 2001 பிறந்து, அரியலூர் தனி மாவட்டமானது. செந்துறை அந்தப் பக்கம், லெப்பைக்குடிக்காடு இந்தப் பக்கம். வைத்தியர் ஒரு ஜில்லா, நோயாளி ஒரு ஜில்லா. பைல் யாருக்கு என்று ஒரு மாதம் பேசி, சாக்குமூட்டையில் கட்டி அரியலூருக்கு அனுப்பினோம். அடுத்த வருஷம் இரண்டையும் மறுபடி ஒன்றாக்கினார்கள். மூட்டை பிரிக்கப்படாமலேயே திரும்பி வந்தது. கோவிந்தராஜ் சார் எப்போதோ ரிட்டையர் ஆகியிருந்தார். நானே மேலிடத்துக்கு நினைவூட்டு மேல் நினைவூட்டு எழுதினேன், என் மனசாட்சிக்காக.

கடைசியில் வந்த பதில் நாலே வரி. தனி இலை கஞ்சா என்ற வரையறைக்குள் வராது. இலைக்கு அனுமதி வழங்க விதிகளில் படிவம் ஏதும் இல்லை. செடி பற்றிய தடை தொடர்கிறது. மனு முடிக்கப்படுகிறது.

6. செந்துறை பஸ்

அந்தக் கடிதத்தைத் தபாலில் போட எனக்கு மனம் வரவில்லை. லீவு போட்டு, செந்துறை பஸ் ஏறி நேரில் கொண்டுபோனேன். நடேசன் இளைத்திருந்தார். கடிதத்தை இரண்டு தடவை படித்தார்.

துண்டுச் சீட்டைக் குத்தியது நான்தான் என்று சொன்னேன்.

"தெரியும்மா. கோர்ட்டுல காட்டுனாங்க. வேலியில போற ஓணான எடுத்து வேட்டில விட்டுக்கிட்டது நாந்தானே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நோட்டு திரும்பக் கிடைத்ததா என்று கேட்டேன். கிடைத்ததாம், ஆனால் புதிதாக எதுவும் எழுதுவதில்லையாம். எழுதினால் அதில் ஆள் பெயர் இருக்கும் என்றார்.

உள்ளே பெஞ்சில் ஒரு பெண் மடியில் துண்டை வைத்துக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். கர்ப்பப்பையில் புற்று, திருச்சியிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நடேசன் தணிந்த குரலில் சொன்னார். பிறகு கடிதத்தை என் பக்கம் நீட்டினார்.

"இதுல என்ன சொல்றாங்க? நான் எலைய வெச்சிக்கலாமா, கூடாதா? நீங்களே சொல்லுங்க."

எனக்கு அன்றும் தெரியவில்லை. வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் எப்போதும் சொல்வது ஒன்றுதான்: ஒரு காகிதத்தில் குண்டூசி குத்துமுன் அது யார் வீட்டு வாசலில் போய் நிற்கும் என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். ஆனால் அன்று அந்த வாசலில் அவரிடம் தெரியாது என்று சொல்ல முடியவில்லை. அந்தப் பெண் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்து வருஷமாக, எதுவானாலும் அனுமதி கேட்டுச் செய்யுங்கள் என்று ஊருக்கெல்லாம் சொல்லிச் சம்பளம் வாங்கியவள் நான்.

"அவங்களுக்கு மருந்தக் குடுங்கய்யா" என்றேன். "ஆனா இனிமே எங்ககிட்ட வந்து கேட்டுடாதீங்க."