சேந்தாச்சு வாத்தியார்

அடிப்பிடித்த பாலின் வாசனையும் லாரிகளின் டீசல் புகையும் சேர்ந்து துணியில் ஏறிவிட்டால் எத்தனை முறை துவைத்தாலும் போகாது. சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருந்தவரின் ஒரே மகளான என்மேல் அந்த வாசனை எப்போதும் இருந்ததால், எட்டாம் வகுப்பில் என் பக்கத்தில் யாரும் ஆசைப்பட்டு வந்து உட்கார்ந்ததில்லை. அம்மா நான் கைக்குழந்தையாக இருந்தபோதே போய்விட்டாள். பள்ளி விட்டால் கடை, கடை விட்டால் பள்ளி என்றிருந்த என் உலகத்தில், 1991 ஜூன் மாதம், நீளமான பச்சை கேன்வாஸ் பையோடு ஒரு மனிதர் பஸ்ஸை விட்டு இறங்கினார்.

ஆள் வந்த நேரம் சரியில்லை. ஸ்ரீபெரும்புதூரில் மே மாதம் குண்டு வெடித்த பிறகு எங்கள் பக்கத்தில் புது முகம் என்றாலே போலீஸுக்குச் சந்தேகம், போலீஸைப் பார்த்து ஊருக்கும் சந்தேகம். வாடகைக்கு வீடு தேடியவரை எங்கள் கடை வாசலிலேயே நிறுத்தி ஒரு ஏட்டு குடைந்து குடைந்து கேட்க, அவர் பொறுமையாகப் பதில் சொன்னார்: விமானப்படையில் இருபது வருஷம் சரக்கு விமானம் ஓட்டியவர், ஓய்வு பெற்று எங்கள் பள்ளிக்குக் கணக்கு வாத்தியாராக வந்திருக்கிறார். ஏட்டு நம்பிவிட்டார், ஊர்தான் நம்பவில்லை. "பிளேன் ஓட்டினவரு இங்க இன்னாத்துக்கு வந்துகிறாரு? இன்னாவோ கீது" என்று பெஞ்சில் பேச்சு ஓடியது. அப்பாவும் தன் பங்குக்கு, "மேலயே சுத்திச் சுத்தி மனுசனுக்குத் தல சுத்திப்போச்சு போல" என்று சிரித்தார்.

வேலை தற்காலிகம்தான். பேர் கெடாமல் இருந்தால் அடுத்த ஜூனில் நிரந்தரம் என்று தாளாளர் சொல்லியிருந்தார். வாத்தியார் இந்த ஊரிலேயே நிலைத்துவிட வேண்டும் என்பதுதான் அந்த வருஷம் எனக்கிருந்த ஒரே ஆசை, அதற்குக் காரணம் அவர் நடத்திய கணக்கு அல்ல, அவர் அட்டெண்டன்ஸ் எடுத்த விதம்.

மற்ற ஆசிரியர்களுக்கு "உள்ளேன் ஐயா" போதும், தலையைக்கூட நிமிர்த்த மாட்டார்கள். இவரோ பெயரைப் படித்து, முகத்தைப் பார்த்து, "நேத்து வீடு போய்ச் சேந்தியாம்மா?" என்று கேட்பார். "சேந்தாச்சு சார்" என்று அவரவர் வாயால் சொன்ன பிறகுதான் அடுத்த பெயர். முந்தின நாள் இரவு எங்கள் கடையில் அவருக்கு இட்லி எடுத்து வைத்தவளே நான்தான் என்றாலும் மறுநாள் காலையில் என்னையும் விடமாட்டார். "கிளம்பிப் போறவங்களைக் கணக்கு எடுக்க ஆயிரம் பேர் இருக்காங்க, திரும்பி வந்தாங்களான்னு பார்க்கத்தான் ஆள் இல்லை" என்பார். ஊர் அவருக்கு 'சேந்தாச்சு வாத்தியார்' என்று பேர் வைத்தது, பையன்கள் அவர் முதுகுக்குப் பின்னால் கைகளை இறக்கைபோல விரித்துக்கொண்டு ஓடினார்கள். எனக்கோ, நான் வீடு போய்ச் சேர்ந்தேனா என்று கேட்க ஒருவர் இருக்கிறார் என்பதே பெரிய விஷயமாக இருந்தது.

அவரை அப்படிக் கேட்க யாருமில்லை என்பது ஞாயிற்றுக்கிழமைகளில் தெரியும். மனைவியும் மகளும் பூனாவில் இருந்தார்கள், இந்தப் பக்கம் வர அவர்களுக்கு இஷ்டமில்லை என்று அப்பா எங்கேயோ கேட்டு வந்து சொன்னார். கடைக்குப் பக்கத்து எஸ்டிடி பூத்தின் கண்ணாடிக்குள் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நெடுநேரம் நிற்பார், உதடு அசையாது. வெளியே வந்து, "எங்கயாவது வெளிய போயிருப்பாங்க" என்று பூத்காரரிடம் தானாகவே சொல்லிவிட்டு, எங்கள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்து போகிற வருகிற பஸ்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். டீ ஆறிப்போய் ஆடை கட்டிவிடும்.

நவம்பரில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பி ரோட்டின்மேல் தண்ணீர் ஓடியதால் ஒருநாள் மதியமே எங்களை அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. ஏரிக்கு அந்தப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து வரும் கஸ்தூரியின் பெயரை அவர் படித்தபோது, பக்கத்தில் உட்காரும் ஸ்டெல்லா, தோழிக்கு ஆப்சென்ட் விழக்கூடாதே என்று குரலை மாற்றி, "சேந்தாச்சு சார்" என்றாள். எல்லா வகுப்பிலும் நாங்கள் ஒருவருக்கொருவர் செய்துகொள்கிற உபகாரம்தான்.

அவர் நிமிர்ந்து காலி இடத்தைப் பார்த்தார். "கஸ்தூரி எங்க?"

"வர்ல சார்" என்றாள் ஸ்டெல்லா.

"அவ வீடு சேந்ததை நீ பாத்தியா?"

"இல்ல சார். சேந்திருப்பா சார்."

அவர் சாக்பீஸை மேசைமேல் வைத்தார், யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் பியூனின் சைக்கிளை எடுத்துக்கொண்டு அந்த மழையில் போய்விட்டார்.

சாயங்காலம் இடுப்புவரை சேறோடு கடைக்கு வந்தார். "பொண்ணு வீட்லதான் இருக்கா. காய்ச்சல், வேற ஒண்ணுமில்ல" என்று அப்பாவிடம் சொல்லிச் சிரித்தார். யாரும் கேட்காமலே பிறகு அவராகச் சொன்னார்: "மலைமேல சாமான் போட்டுட்டுத் திரும்புறப்ப மேகம் மூடிடுச்சு. எனக்குப் பின்னாடி வந்த பிளேன்ல என் சிநேகிதன். இறங்கிட்டானான்னு கேட்டேன். பக்கத்துத் தளத்துல இறங்கியிருப்பான்னு ஒருத்தர் சொன்னார். பார்த்துச் சொல்லல. நானும் சரின்னு போய்ச் சாப்பிட்டுத் தூங்கிட்டேன். தேடவே மறுநாள்தான் போனாங்க." அப்பா அன்று கிண்டல் எதுவும் பேசவில்லை. ஆறிப்போன டீயைக் கொட்டிவிட்டு வேறு போட்டு, "சூடா குடிங்க சார்" என்று கையிலேயே கொடுத்தார்.

மறுநாள் கஸ்தூரியின் அப்பா நாலு பேரோடு பள்ளிக்கு வந்துவிட்டார். "வயசுப் பொண்ணு கீற வூட்டாண்ட, தனிக்கட்டை ஆளு வந்து, பேரச் சொல்லிக் கூப்டுறான். ஊரு இன்னா பேசும்?" என்று அவர் போட்ட சத்தம் எங்கள் வகுப்புவரை கேட்டது. சொல்லாமல் வகுப்பை விட்டுப் போனார் என்று தலைமையாசிரியரும் சேர்த்துச் சொன்னார். திங்கட்கிழமையிலிருந்து வரவேண்டாம் என்று தாளாளர் சொல்லிவிட்டார். அப்பா சட்டையை மாற்றிக்கொண்டு வாத்தியாருக்காகப் பேசப் போனார். டீக்கடைக்காரன் பேச்சு அந்த அறையில் எடுபடவில்லை.

மெட்ராஸ் பஸ் வந்தபோது நான் விறகு அடுக்கின் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். அப்பாதான் அந்தப் பச்சைப் பையைத் தூக்கி உள்ளே வைத்தார். வாத்தியாரைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை.

இப்போது எஸ்டிடி பூத் இல்லை, பள்ளிக்கூடம் இருந்த இடத்தில் கம்பெனிப் பையன்கள் தங்கும் லாட்ஜ் நிற்கிறது, அப்பாவும் இல்லை. கடை மட்டும் மெஸ்ஸாகி என் கையில் இருக்கிறது. ஷிப்ட் பஸ்கள் வரிசையாக வந்து ஆட்களை இறக்கிவிட்டுப் போகின்றன, யார் எங்கே போனார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை பார்க்கும் கஸ்தூரி போன மாதம் சாப்பிட வந்தாள். அன்றைக்கு உன் வீட்டில் என்ன நடந்தது என்று இத்தனை காலத்தில் முதல்முறையாகக் கேட்டேன். சோற்றைப் பிசைந்துகொண்டே கஸ்தூரி சொன்னாள்:

"எங்கப்பா அவர வாசல்லயே நிக்கவெச்சுக் கண்டபடி திட்டிகினு இருந்தாரு. அவரு வாயே தொறக்கல. நான் போர்வையோட எட்டிப் பாத்தேன். 'சரிம்மா, போய்ப் படு'ன்னுட்டு சைக்கிளத் திருப்பிகினு போய்ட்டாரு. எனக்குப் புருசன் கீறாரு, ரெண்டு புள்ளைங்க கீதுங்க. ஆனா, என்னக் காணோம்னு தேடிகினு வந்த ஆளு, இன்னிவரைக்கும் அவரு ஒருத்தருதான்."