சிவகாமியின் வதிவிடச் சான்று

நாங்கள் கடல் கடந்து வந்து குடியேறிய இந்நாட்டில் ஒரு பல்கலைக்கழகம் தன் நிபந்தனைகளை யார் கேட்டாலும் அச்சிட்டுக் கொடுத்துவிடுகிறது. எங்கள் குளிர்சாதனப் பெட்டியின் கதவில், காந்தப் பொத்தானின் கீழ், மூன்று மாதங்களாக அந்தத் தாள் தொங்குகிறது. கணினி விஞ்ஞானத்தில் இளமாணிப் பட்டம் பெற வேண்டுவன யாவை என்பதே அதன் பொருள். பால் எடுக்கப் போகும்போதெல்லாம் வாசிக்கிறேன். நுழைவதற்கு உயர்தரக் கணிதமும் ஆங்கிலமும். முதலாண்டில் புரோகிராமிங், நுண்கணிதம்; பிறகு அட்சரகணிதம், டேட்டாபேஸ்; கணினிக்குச் சற்றும் தொடர்பில்லாத இலக்கியமோ வரலாறோ சில பாடங்கள்; முடிவில் ஒரு செயற்றிட்டம். மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் தேடிவிட்டேன். தகப்பனுடைய ஊர் எது என்னும் வினா அதில் இல்லை. இல்லையென்று காணுந்தோறும் எனக்குக் கோபம் வருகிறது. "சந்தோசப்பட வேண்டியதுக்குப் போயி கோவப்படுறீங்களேப்பா" என்கிறாள் என் மகள் சிவகாமி. அவளுக்கு முப்பத்தைந்து வயது. ரொட்டித் தொழிற்சாலையில் பொதி கட்டுகிறாள். அந்தத் தாள் அவளுடையது.

பத்தொன்பது வயதில் அவள் இதே படிப்புக்குத்தான் விண்ணப்பம் நிரப்பினாள். இரத்தோட்டைக்கு மேலே உள்ள தோட்டமொன்றில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில் குடியிருந்தோம். நான் தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாடப்போடும் மாடியில் வேலை செய்தேன். மாலையில் தோட்டத்துக் கோயிலில் பதிகம் ஓதுவேன். எனக்கு வாய்த்த தமிழ் அனைத்தும் அந்தக் கோயில் தந்ததே. சிவகாமி விடியலில் பஸ் பிடித்து மாத்தளை நகரத்துப் பாடசாலைக்குப் போய், தூய கணிதம், பிரயோக கணிதம், பௌதிகவியல் மூன்றிலும் சித்தியெய்தினாள். கணினியை அவள் கண்ணால் கண்டதில்லை. பத்திரிகையில் படம் பார்த்திருந்தாள். ஆயினும் விண்ணப்பத்தின் முதல் வரியில் அதையே எழுதினாள். பல்கலைக்கழக இடங்கள் மாவட்டவாரியாகப் பங்கிடப்பட்ட காலம் அது. புள்ளிகள் போதுமாயிருந்தன. மாத்தளை மாவட்டத்துப் பிள்ளை என்று கிராம சேவகர் தரும் வதிவிடச் சான்றிதழ் ஒன்றே குறை.

வேட்டியை மாற்றிக்கொண்டு, திருநீறு பூசி, மகளையும் அழைத்துப் போனேன். கிராம சேவகர் பேனாவைத் திறந்து, "கம கொஹேத?" என்று சிங்களத்தில் ஊரைக் கேட்டார்.

இங்கேதான் நான் கெட்டேன். தோட்டத்தில் எங்களிடம் ஊர் கேட்டால், பாட்டன் கப்பலேறிய ஊரைத்தான் சொல்வோம். பெண் பார்க்கப் போனாலும் துக்கம் கேட்கப் போனாலும் அதுவே வழக்கம். மேலும், நான் ஓதும் பதிகங்களில் இறைவனுக்கே ஓர் ஊர் உண்டு. ஊரைச் சொல்லியே அவனை அழைப்பர். ஊர் என்பது நெஞ்சு நிமிர்த்திச் சொல்லவேண்டியது என்று நம்பியவன் நான். "திருச்சி ஜில்லா, துறையூர்ப் பக்கம் மாத்தயா" என்று, ஐயா என்பதையும் சிங்களத்தில் சேர்த்துச் சொன்னேன். அந்தத் துறையூரை நான் இன்றுவரை கண்டதில்லை.

பேனா நின்றது. "அப்ப நீங்க இந்தியா ஆள்" என்றார், எங்கள் தமிழிலேயே.

"நான் இங்கதாங்க பொறந்தேன். இந்தப் புள்ளயும் இங்கதான்."

"பொறந்தது சரி. ஊர் அங்க தானே? நீங்கதானே சொன்னது." வரிசையில் நின்றவர்களைப் பார்த்துச் சிரித்தார். "புள்ளய அங்க அனுப்புங்க. இந்தியாவுல பெரிய பெரிய கெம்பஸ் இருக்கு."

மறுமுறை பிரஜாவுரிமைப் பத்திரத்தைக் கொண்டுபோனேன். வாக்காளர் இடாப்பில் பெயர் இல்லை என்றார். மூன்றாம் முறை போனபோது அவர் லீவில் இருந்தார். அதற்குள் விண்ணப்ப நாள் கடந்துவிட்டது. தொழிற்சாலைச் செக்ரோலில் நாள் தவறாமல் என் பெயர் ஏறியது. என் தந்தையின் பெயரும் ஏறியது. வேலைக்கு வந்தோம் என்பதற்கு அந்தப் பதிவேடு சாட்சியாம். வாழ்ந்தோம் என்பதற்கு ஆகாதாம்.

முதல்நாள் திரும்பும் பஸ்ஸிலேயே சிவகாமி கேட்டுவிட்டாள்: "தாத்தாவோட அப்பா ஊரு அவருக்கு என்னாத்துக்குப்பா? நம்ம லயத்தச் சொல்லியிருக்கலாமே."

"லயத்த எப்பிடிம்மா ஊருன்னு சொல்றது?"

என் கோபத்தில் சரிபாதி எனக்குரியது என்பதை அந்த இருக்கையிலேயே அறிந்தேன்.

சென்ற மாதம் இங்குள்ள பல்கலைக்கழகத்துக்கு அவளுடன் போனேன். இந்த மாகாணத்தவர் என்று நிரூபித்தால் கட்டணம் குறைவு. இல்லையேல் எங்களால் எட்டமுடியாத தொகை. நான் அஞ்சியே போனேன். பிறப்புப் பத்திரங்கள், பிரஜாவுரிமைப் பத்திரம், விவாகப் பதிவு, தோட்டத்துரை கொடுத்த கடிதம் அனைத்தையும் கோப்பிலிட்டு மேசைமேல் பரப்பினேன். ஆலோசகரான அம்மையார் அவற்றை மெல்ல ஒதுக்கி, எங்கள் கரண்ட் பில்லை மட்டும் எடுத்துப் பிரதி செய்துகொண்டார்.

"என் தந்தையின் பத்திரம் வேண்டாமா?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

அவர் முகம் வாடியது. "ஐ ஆம் ஸோ ஸாரி ஃபோர் யுவர் லாஸ்" என்றார். என் தந்தை அண்மையில் காலமானார் என்று எண்ணிவிட்டார் போலும். "தேங்க் யூ" என்று சொல்லி எழுந்தேன். வேறென்ன சொல்வது?

வெளியே வந்ததும் சிவகாமி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. மூன்று தலைமுறை அந்த மலையில் கொழுந்து சுமந்தும் பெறாத சான்றை, விளக்கெரித்த செலவு பெற்றுத் தந்துவிட்டது. இதற்கு நன்றி சொல்வதா? இல்லை, யாரை நோவது? அடியார்கள் தங்கள் இறைவனிடமே வழக்குரைத்து நியாயம் கேட்டவர்கள். அந்த உரிமையில் அன்று மாலை பூசையில் நானும் கேட்டேன்.

நேற்று முடிவு வந்தது. இடம் கிடைத்துவிட்டது, பழைய புள்ளிகள் என்பதால் நுண்கணிதத்தில் ஒரு முன்பாடத்தை முடிக்க வேண்டும், அவ்வளவே. "கிளாஸ்ல எல்லாம் என்னைய டீச்சருன்னு நெனச்சு எந்திரிச்சு நிப்பாங்கப்பா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். பதினாறு ஆண்டுகள் ரொட்டிப் பொதிகளுக்கும் வேறு கூலிகளுக்கும் போய்விட்டன. அவற்றை எந்த அலுவலகமும் திருப்பித் தராது.

இன்று காலை அந்தக் கிராம சேவகருக்குக் கடிதம் எழுதினேன். என் கோபம் நேராகப் போய்ச் சேரவேண்டும் என்பதற்காகச் சிங்களத்திலேயே எழுதினேன். நாங்கள் மாத்தளை மாவட்டத்தவர், என் மகளும் மாத்தளை மாவட்டத்தவள், நீர் எழுத மறுத்ததை நானே எழுதுகிறேன் என்று.

"அந்த மனுசன் எப்பவோ பென்ஷன் எடுத்திருப்பாருப்பா."

"அவரு ஒக்காந்த கதிர இருக்கும்ல? அதுக்குப் போகட்டும்."

இங்கே தபால் நிலையம் மருந்துக்கடையின் பின்மூலையில் இருக்கிறது. அனுப்புநர் என்னும் இடத்தில் லயத்தின் இலக்கம், தோட்டத்தின் பெயர், இரத்தோட்டை, மாத்தளை என்று எழுதி நீட்டினேன். கவுண்டரில் நின்ற பெண் இரு விலாசங்களையும் பார்த்தாள்.

"இதிலா வசிக்கிறீர்கள்?"

"யெஸ்" என்றேன்.

"நோ ஸார், விநியோகிக்க முடியாவிட்டால் நாங்கள் எங்கே திருப்பி அனுப்புவது?"

பேனாவைத் தந்தாள். அடியில் எங்கள் அடுக்குமாடியின் இலக்கத்தையும் வீதியையும் எழுதினேன். இரண்டு விலாசம் இருக்கக்கூடாது, ஒன்றை வெட்டிவிடுங்கள் என்றாள். பின்னால் ஆட்கள் காத்திருந்தார்கள். இரத்தோட்டையின் மீது கோடிட்டேன். எழுத்துக்கள் தெரியும்படி மெல்லிய கோடு. முத்திரை குத்திக் கூடையில் போட்டாள். அங்கே வாங்க மறுத்தால் அது இங்கேதான் திரும்பி வரும்.