பத்தாவது வாக்கியம்

பெங்களூரில் மூன்று பேர் உட்காரும் பஸ் சீட்டருகே நான்காவதாக ஒருவர் வந்து நின்று ஒரே ஒரு சொல் சொல்வார். மூவரும் முனகிக்கொண்டே இரண்டு அங்குலம் நகர்ந்து கொடுப்பார்கள். அந்தச் சொல்லுக்கு அகராதியில் ‘சரிசெய்தல்’ என்று போட்டிருக்கும். அகராதி எழுதியவர் எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறியதில்லை.

நான் ஐந்தாம் வகுப்பில் இருந்தபோது, இங்கிலீஷ் டீச்சர் ஒரு சனிக்கிழமை ஆளுக்கொரு சொல் கொடுத்து, அதை வைத்துத் திங்கட்கிழமைக்குள் பத்து வாக்கியம் எழுதிவரச் சொன்னார். பக்கத்தில் உட்கார்ந்தவனுக்கு ‘பியூட்டிஃபுல்’ கிடைத்தது. எனக்கு ‘அட்ஜஸ்ட்’. எனக்கு வயிறு எரிந்தது. வீட்டுக்கு வந்து காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்த பிறகுதான் எனக்கு விழுந்திருப்பது லாட்டரி என்று தெரிந்தது.

ஜோகுபாளையத்தில் எங்களுடையது இரண்டு அறை வாடகை வீடு. அப்பா ரேடியோ முள்ளை அட்ஜஸ்ட் செய்தார். அம்மா இறுகிப்போன ரவிக்கையை அட்ஜஸ்ட் செய்ய டெய்லரிடம் கொடுத்தாள். விருந்தாளி வந்தால் சாம்பாரை அட்ஜஸ்ட் செய்தாள், அதாவது ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினாள். குழாயில் தண்ணீர் வராத நாளில் மாடியில் இருந்த வீட்டுக்கார அம்மா, “ஸ்வல்ப அட்ஜஸ்ட் மாட்கொள்ளி,” கொஞ்சம் அட்ஜஸ்ட் செய்துகொள்ளுங்கள் என்று கன்னடத்தில் சொல்லி, இரண்டு குடத்தோடு எங்களை நிறுத்தினார். எதிர்வீட்டு அண்ணன் தியேட்டர் கேட்காரரை அட்ஜஸ்ட் செய்து டிக்கெட் இல்லாமல் படம் பார்த்தான். ஞாயிறு மத்தியானத்துக்குள் ஒன்பது வாக்கியம் தேறிவிட்டது. அந்த வயதிலேயே எனக்கு வாக்கியம்தான் முக்கியம். மனிதர்கள் அதற்கு எழுவாயாகப் பயன்பட்டார்கள், அவ்வளவுதான்.

பத்தாவதுக்காக நான் பென்சிலைக் கடித்துக்கொண்டிருந்தபோது அத்தை வந்தாள். அப்பாவின் ஒரே தங்கை. ஒரு வருஷத்துக்கு முன்னால் ஓசூர் ரோட்டில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்ப்பவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கையில் ஒரு ரெக்சின் பை. அம்மா காபி கொடுத்தாள். அத்தை டம்ளரை இடது கையால் வாங்கினாள். எங்கள் வீட்டில் யாராவது எதையாவது இடது கையால் வாங்கினால் அம்மா திட்டாமல் விடமாட்டாள். அன்று திட்டவில்லை.

“நான் இங்கயே இருந்துடறேன்ணா,” என்றாள் அத்தை.

அப்பா ரேடியோவை நிறுத்தினார். பிறகு, “எல்லா வீட்லயும் இருக்கறதுதான் பாப்பா. நீதான் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்,” என்றார்.

நான் நோட்டைத் திறந்தேன். ‘மை ஆன்ட் வில் அட்ஜஸ்ட்’ என்று பத்தாவது வாக்கியத்தை எழுதி, கீழே ஸ்கேல் வைத்துக் கோடும் போட்டேன்.

சாயங்காலம் மாமா, அத்தையின் புருஷன், ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து சேர்ந்தார். பார்த்தால் நல்ல மனிதர். என் கன்னத்தைக் கிள்ளினார். “சின்னச் சண்டை மச்சான். இவ பெருசு பண்ணிட்டா,” என்று சிரித்தார். அம்மா அவருக்கும் காபி போட்டாள். அந்தச் சமயத்தில் யாரும் எதிர்பார்க்காத ஒரு காரியத்தை அப்பா செய்தார்.

“ஒரு பத்து நாள் பாப்பா இங்க இருக்கட்டும் மாப்ள. அப்புறம் பாக்கலாம்.”

அத்தை தலை நிமிர்ந்தாள். மாமாவின் சிரிப்பு நின்றது. அம்மா உடனே என்னைப் பார்த்தாள். ஜன்னலோரத்து இரும்புக் கட்டில் என்னுடையது. அந்த வீட்டில் எனக்கே எனக்கென்று இருந்த ஒரே சொத்து.

“டேய், அத்தைக்கு உடம்பெல்லாம் வலி, தரையில படுக்க முடியாது. பத்து நாளைக்கு நீ கீழ படுத்துக்கோ. கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ.”

“முடியாது,” என்றேன். “எனக்குப் பரீட்சை வருது. யாராச்சும் வந்தா நானா அட்ஜஸ்ட் பண்ணிக்கணும்? அவங்க வீட்ல கட்டில் இல்லையா?”

பரீட்சைக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தவிர, நான் கட்டிலில் படித்ததே இல்லை. படுத்துக்கொண்டு ஜன்னல் வழியாக மாட்டுவண்டி எண்ணுவேன்.

மாமா பலமாகச் சிரித்தார். “பாத்தீங்களா மச்சான், பையன் எவ்ளோ தெளிவா பேசறான்!”

அம்மா என்னை அடிக்கக் கை ஓங்கினாள். அத்தை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், அதுவும் இடது கையால்.

“விடுங்க அண்ணி. கொழந்தைக்குப் பரீட்சை.” பிறகு என்னிடம், “நல்லா படிடா கண்ணு,” என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள். அப்பா எழுந்து நின்றார். ஆனால் தடுக்கவில்லை. அவருக்கும் ஒரு காரணம் தேவைப்பட்டிருக்கலாம். அதை நான் அவருக்குக் கொடுத்துவிட்டேன்.

அன்று கட்டிலில் கை காலை நீட்டி நன்றாகத் தூங்கினேன்.

நோட்டு புதன்கிழமை திரும்பி வந்தது. பத்துக்கு ஒன்பது. பத்தாவது வாக்கியத்தைச் சிவப்பு மையில் வட்டம் போட்டு, பக்கத்தில் ‘டு வாட்?’ என்று எழுதியிருந்தார் டீச்சர். ‘எதற்கு?’ என்று அர்த்தம். போன ஒரு மார்க்குக்காக நான் வீட்டில் விக்கி விக்கி அழுதேன். அந்த வாரம் எங்கள் வீட்டில் சத்தம் போட்டு அழுதவன் நான் ஒருவன்தான்.

நான்கு மாதம் கழித்து, காலையில் ஒரு ஆள் வந்து வாசலில் நின்றான். அப்பாவும் அம்மாவும் அவனோடு ஓடினார்கள். என்னை மாடி வீட்டில் விட்டுவிட்டுப் போனார்கள். ஸ்டவ் வெடித்துவிட்டது என்றார் வீட்டுக்கார அம்மா. எங்கள் வீட்டு ஸ்டவ் வெடித்ததில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

அம்மா அன்று ராத்திரியே வந்துவிட்டாள். அப்பா இரண்டு நாள் கழித்துத்தான் திரும்பி வந்தார். வாசலிலேயே நின்று அம்மாவிடம் சொன்னார்: “ஸ்டேஷன்ல அட்ஜஸ்ட் பண்ணிட்டாங்க. ஸ்டவ்வுன்னே எழுதிக்கிட்டாங்க.”

“நீங்க ஒண்ணும் சொல்லலையா?”

அப்பா கால் கழுவப் போனார்.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. கட்டிலில் படுத்திருந்த எனக்கு அந்தக் கணத்தில் தோன்றியது ஒன்றுதான்: இந்த அர்த்தம் என் பத்தில் இல்லையே. அத்தை செத்துப்போனது தெரியும். செத்துப்போனவர்கள் திரும்பி வரமாட்டார்கள் என்பதும் தெரியும். ஆனால் போன மார்க் திரும்பி வரலாம் என்று நினைத்தேன். பழைய நோட்டைத் தேடி எடுத்து, சிவப்பு வட்டத்துக்குக் கீழே, என்னால் முடிந்தவரை குண்டு குண்டான எழுத்தில் எழுதினேன்: ‘தி போலீஸ் அட்ஜஸ்டட் மை ஆன்ட்.’

மறுநாள் வகுப்பு தொடங்குமுன் டீச்சரிடம் நீட்டினேன்.

“இப்ப சரியா மிஸ்?”

அவர் படித்தார். மேலே இருந்த வாக்கியத்தையும் தன் கேள்வியையும் படித்தார். மறுபடி கீழே வந்தார். “உங்க அத்தை எங்க இருக்காங்க?” என்று கேட்டார். “ஸ்டவ் வெடிச்சிடுச்சு மிஸ்,” என்றேன்.

டீச்சர் மார்க் போடவில்லை. தப்பு என்றும் சொல்லவில்லை. நோட்டை மூடி என் கையில் கொடுத்தார். எழுந்து போய் டஸ்டரை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டியபடி கரும்பலகையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை அழுத்தி அழுத்தித் துடைத்தார்.

பலகையில் ஒன்றுமே எழுதியிருக்கவில்லை. பிறகு எதைத் துடைக்கிறார் என்பது எனக்குக் கடைசிவரை விளங்கவில்லை. மார்க்குக்காக அங்கேயே காத்துக்கொண்டு நின்றேன்.