மத்தியானம் சன்செட் என்று சொன்னவன் நான்

ஒரு பிள்ளையின் குரலை நீங்கள் அழித்தீர்கள். கேம் கம்பெனிக்காரர்களே, உங்களைத்தான் சொல்கிறேன். அழித்தது நீங்கள். அழியப் போகிறது என்று முன்பே தெரிந்தும், அவனைப் பெற்றவளிடம் வாயைத் திறக்காமல் இருந்தவன் நான்.

இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். உங்களை மட்டும் திட்டினால் அது பொய். என்னை மட்டும் திட்டிக்கொண்டால் நீங்கள் தப்பித்துவிடுவீர்கள்!

என் பெயர் மூர்த்தி. அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் வேலை. அங்கே யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏய், மூணாவது மிஷினு" என்பார்கள். உங்கள் கேமில் வரும் தீவில் மட்டும்தான் நான் தலைவர். பட்டாபிராம், ஆவடி, வானகரம் பக்கத்து ஆட்கள் சேர்ந்து ஆடிய குழுவுக்குத் தலைவர்.

உங்கள் அறிவிப்பெல்லாம் இங்கிலீஷில் வரும். அதைப் படித்து வாட்ஸ்அப் குழுவில் பேசி அனுப்புவது என் வேலை. எனக்குப் பாதி புரியும். மீதியை நானாகப் போட்டு நிரப்புவேன். அதற்குத்தான் எல்லோரும் "தலைவரே, தலைவரே" என்றார்கள்.

இந்த விளையாட்டு தெரியாதவர்களுக்கும் சொல்லிவிடுகிறேன். படகு விட்டு மீன் பிடிக்க வேண்டும். துறைமுகத்தில் கடை போட்டு விற்க வேண்டும். கடைக்காரன் கல்லாவில் இல்லாதபோது யார் கடை வாசலுக்குப் போனாலும், அது அவனே ஆனாலும், அவன் தன் சொந்தக் குரலில் பதிந்து வைத்த கூவல் கேட்கும். இன்னொன்று... அந்தத் தீவில் பொழுது சாயாது. எப்போது போனாலும் பட்டப்பகல்தான்.

பிரவீன் எங்கள் குழுவில் ஒருவன். பட்டாபிராம் பையன், காலேஜில் படித்துக்கொண்டிருந்தான். அவன் கடையின் கூவல் இது:

"வா மாமே வா! நண்டு கீது, எறா கீது, ஓனரு மட்டும் தூங்கினு கீறான். வோணும்றத எட்த்துகினு போ, துட்டு அப்பால பாத்துக்கலாம்!"

பின்னால் ஒரு குக்கர் விசில். அதற்கு மேல் ஒரு பெண் குரல்: "டேய், ஆருகிட்டடா பேசிகினு கீற? சோறு ஆறுது, வந்து துன்னு!"

அதோடு முடியும்.

வானகரத்தில் ஆட்டோ ஓட்டும் ஜானி அவனை ஓட்டித் தள்ளுவான். "மச்சான், கடைக்கு உங்கம்மாவ பார்ட்னரா போட்டுகினியா? அந்த வாய்ஸ மாத்துடா!"

"வுடு அண்ணாத்தே," என்பான் பிரவீன். "எங்கம்மா சத்தம்தான் நம்ம கடைக்கே களை."

பைபாஸ் சர்வீஸ் ரோட்டில் ஒரு லாரி அவனை அடித்தது. வண்டியும் போய், போனும் நொறுங்கி, அவனும்...

காரியத்துக்கு ஜானியும் நானும் போனோம். அவன் அம்மா செல்வி அக்காவை அன்றுதான் நேரில் பார்த்தேன். எஸ்டேட்டில் ஏற்றுமதி கார்மென்ட்ஸில் துணி செக்கிங் செய்கிறவர். எங்களைப் பார்த்து, "நீங்கோ ஆருப்பா?" என்றார்.

ஜானிக்கு வாயில் வந்தது இதுதான்: "பிரவீன் கடைல வாடிக்கைக்காரங்கக்கா."

"இன்னா கடை? எம்புள்ள படிச்சினுல்ல இருந்தான்!"

விளக்கத் தெரியவில்லை. என் போனைத் திறந்து, தீவுக்குள் போய், அவன் கடை முன்னால் நின்றேன். "வா மாமே வா..." பந்தலில் இருந்த எல்லோரும் திரும்பினார்கள். கடைசியில் தன் குரலே வந்ததும் அக்கா போனை என் கையிலிருந்து பிடுங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

பிரவீனின் நம்பருக்கு வேறு சிம் வாங்கி அக்காவின் போனில் போட்டு, அவன் கணக்கில் நுழைத்துவிட்டவன் நான்தான். நடக்கவும் படகு விடவும் சொல்லிக் கொடுத்தேன். அக்கா படகெல்லாம் விடவில்லை. காலையில் பட்டாபிராமில் ரயிலேறி அம்பத்தூரில் இறங்கும் வரை மகன் கடை வாசலிலேயே நிற்பார். கேட்பார். தள்ளிப் போவார். திரும்பி வந்து கேட்பார். "சோறு ஆறுது, வந்து துன்னு" வரும்போது வாயசைப்பார் என்று அவரோடு ரயிலில் வருகிறவர்கள் சொல்லியிருக்கிறார்கள்.

பிறகு உங்கள் அறிவிப்பு வந்தது.

முதல் வரியிலேயே ஒரு சொல். சன்செட்! வருகிற ஞாயிற்றுக்கிழமை தீவுக்கு சன்செட். நான் துள்ளினேன். பொழுது சாயாத தீவில் பொழுது சாயப் போகிறது! ராத்திரி வரும், நிலா வரும் என்று எத்தனை நாள் கேட்டுக்கொண்டிருந்தோம்? மேலே படிக்கவே இல்லை. உடனே குழுவில் பேசி அனுப்பினேன். "மக்களே, ஞாயித்துக்கெழம எல்லாரும் துறைமுகத்துக்கு வந்துருங்க. நம்ம தீவுல மொத மொதலா சூரியன் எறங்குது!"

அது அறியாமை. அதற்காக நான் இதை எழுதவில்லை.

எங்கள் குழுவில் விக்னேஷ் என்று ஒருவர். மதுரைப் பக்கம் சொந்த ஊர், ஐடி வேலை, ஐயப்பன்தாங்கலில் ஃப்ளாட். அவர் எனக்குத் தனியாகப் போன் செய்தார். மரியாதையாகத்தான் சொன்னார்.

"அண்ணே, தப்பா நினைக்காதீங்க. சன்செட்டுன்னா அவங்க பாஷைல கடையச் சாத்துறதுண்ணே. சர்வரயே நிப்பாட்டப் போறாங்க. ரெண்டாவது பாராவப் பாருங்க. நம்ம பதிஞ்ச குரலெல்லாம் வேணும்னா ஞாயித்துக்கெழமக்குள்ள செட்டிங்ஸ்ல ஒரு பட்டன அமுக்கணும், மெயிலுக்கு வந்துரும். எல்லாருக்கும் சொல்லிருங்கண்ணே."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"எனக்கே இங்கிலீஷ் சொல்லித் தர்றியா நீ?"

போனை வைத்தேன். அவரைக் குழுவிலிருந்து தூக்கினேன். அவ்வளவுதான். உண்மை தெரிந்த ஒரே ஆளை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினேன்.

சாத்திவிட்டு இரண்டாவது பாராவைப் படித்தேன். போனிலேயே தமிழாக்கிப் படித்தேன். அவர் சொன்னது சரி. செட்டிங்ஸுக்குப் போனேன். பட்டன் இருந்தது. அமுக்கினேன். என் கூவல் என் மெயிலுக்கு வந்து சேர்ந்தது.

படித்தீர்களா? என்னுடையதை நான் எடுத்துக்கொண்டேன்! அந்த நிமிஷத்துக்குப் பிறகு 'தெரியாது' என்று சொல்ல எனக்கு வாயில்லை.

குழுவில் ஒரு வரி போதும். "தப்பாச் சொல்லிட்டேன், மூடப் போறாங்க." ஏன் சொல்லவில்லை? ஜானி சிரிப்பானே! 'தலைவருக்கு சன்செட்டுக்கு அர்த்தம் தெரியல' என்று வருஷம் பூராவும் ஓட்டுவானே! மூடப் போகிறார்கள் என்றால் எல்லோரும் அன்றே கலைந்து போவார்கள். நான் மறுபடியும் மூணாவது மிஷின் ஆகிவிடுவேன். இதுதான் காரணம். வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை. இருந்திருந்தால்கூடக் கொஞ்சம் தேவலாம்.

அக்காவுக்கு மட்டும் தனியாகச் சொல்லியிருக்கலாம். அது முடியாதென்றால், இன்னொரு போனைப் பக்கத்தில் வைத்து அந்தக் கூவலை நானே பதிந்திருக்கலாம். அதற்கு எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? அது எனக்குத் தோன்றவே இல்லை. என் மானத்தைத் தவிர வேறெதுவும் என் புத்தியில் இல்லை. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று... ஞாயிறு வந்துவிட்டது.

நீங்கள் சொன்ன நேரம் இங்கே உச்சி மத்தியானம். வீட்டில் பிரியாணி தம்மில் இருந்தது. தீவில் எல்லோரும் படகை மேற்குப் பக்கமாகத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். சிலர் வீட்டில் தங்கள் பிள்ளைகளையும் போன் பக்கத்தில் உட்கார வைத்திருந்தார்கள். கேமிலேயே மைக்கைப் போட்டு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தோம்.

"இன்னா தலைவரே, மண்ட காயற மத்தியானத்துல சன்செட்டுன்ற?" என்றான் ஜானி.

"அவன் ஊர்ல சாயங்காலம்டா."

நான்தான் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். சிரித்துக்கொண்டே சொன்னேன்!

"கரீக்டு நைனா, தலைவரு தலைவருதான்!" என்றான்.

செல்வி அக்கா படகில் இல்லை. பிரவீனின் உருவத்தை அவன் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். "எம்புள்ள இங்கருந்தே பாக்கட்டும் தம்பி," என்றார். அவர் பேசும்போது பின்னால் அந்தக் கூவல் ஓடிக்கொண்டிருந்தது. "ஓனரு மட்டும் தூங்கினு கீறான்..."

அப்போதும் நேரம் இருந்தது. சிறிது நேரம்தான், ஆனாலும் இருந்தது. "அக்கா, செட்டிங்ஸுக்குப் போங்க" என்ற வார்த்தை நாக்கு வரை வந்தது. விழுங்கினேன்.

படகுகள் அசையாமல் நின்றன. கடல் நின்றது. பிறகு கறுப்பாக ஒரு திரை, நடுவில் இங்கிலீஷில் ஒரு நன்றி.

என் போன் அடித்தது. செல்வி அக்கா.

"தம்பி, இருட்டாய்ட்ச்சு. சன்செட்டு வன்ட்ச்சா?"

அக்காவே மேலே பேசினார்.

"நல்லா இருட்டிகினு கீதுப்பா. கடைகூடத் தெர்ல. மறுக்கா எப்போ வெடியும்?"

நெட் சரியில்லை என்று சொல்லிப் போனை வைத்தேன். அன்று சோறு இறங்கவில்லை என்று எழுதினால் என்மேல் உங்களுக்கு இரக்கம் வரும். இறங்கியது. சாப்பிட்டேன். அதையும் சொல்லிவிடுகிறேன்.

சர்வரை மூடிவிட்டார்கள் என்று ஜானிதான் அக்காவுக்குச் சொன்னான். மறுவாரம் அம்பத்தூர் ஸ்டேஷனில் அக்கா என்னைப் பிடித்துக்கொண்டார். அறைவார் என்று நினைத்தேன். என் தோளைத் தட்டினார்.

"நீ இன்னாப்பா பண்ணுவ? அவனுங்கோ புரியாத இங்கிலீஷ்ல எய்தி வுட்டா, உனுக்கு மட்டும் எப்டித் தெரியும்? மனசப் போட்டு ஒயப்பிக்காத."

எனக்குத் தெரியும் அக்கா. தெரியும்! ஸ்டேஷன் நடுவில் நின்று அதைக் கத்தியிருக்க வேண்டும். தலையை ஆட்டினேன்.

"அவங்ககிட்ட எங்கனா இருக்கும்ல? நீதான் இங்கிலீஷ் படிப்பியே, கேட்டு சொல்றியா?" என்றார்.

குழுவில் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தேன். ஒருவரிடமும் அந்தக் கூவல் இல்லை. கடை எங்கே போய்விடப் போகிறது என்று எல்லோரும் சும்மா இருந்திருக்கிறோம். உங்களுக்கு எழுதினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று மிஷின் பதில் வந்தது. மறுபடி எழுதினேன். மறுபடி அதே நன்றி. மூணாவது மிஷினுக்கு ஒரு மிஷின் பதில். பொருத்தம்தான்.

விக்னேஷுக்கும் போன் செய்தேன். எடுத்தார். நான் பேசி முடித்ததும் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அந்த அம்மாவுக்காவது சொல்லியிருக்கலாமேண்ணே?" வைத்துவிட்டார்.

என் கூவல் இன்னும் என் மெயிலில் இருக்கிறது. "வாங்க வாங்க, தலைவர் கடை!" உலகத்தில் ஒருத்தருக்கும் வேண்டாத குரல் பத்திரமாக இருக்கிறது...

செல்வி அக்கா, இதை உங்களுக்கு யாராவது படித்துக் காட்டுவார்கள். அதற்குப் பிறகு என்னைத் தம்பி என்று கூப்பிடாதீர்கள். மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு முகமில்லை.

கம்பெனிக்காரர்களே, நான் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டேன். இனி நீங்கள் சொல்லுங்கள். எனக்கு மெயில் அனுப்பாதீர்கள், நான் மறைத்துவிடுவேன். அப்படிப்பட்டவன் நான். உங்கள் இணையப் பக்கத்தில், எல்லோரும் பார்க்கிற இடத்தில், தமிழில் எழுதுங்கள். பட்டாபிராம் பிரவீன் கடையின் கூவல் உங்களிடம் இருக்கிறதா, இல்லையா? இருந்தால் 'இருக்கிறது' என்று எழுதுங்கள். அழித்திருந்தால் 'அழித்துவிட்டோம்' என்று எழுதுங்கள்.

சன்செட் அது இது என்று சூரியனை இழுக்காதீர்கள். ஒரு தாய் அதை நம்பிவிட்டு, எப்போது விடியும் என்று கேட்டாள். அவளுக்குப் பதில் சொல்லுங்கள்!